வட சென்னையில் தனியார் கல்லறைத் தோட்டங்கள்: நிர்வாகத்தை யாரிடம், எப்படிக் கேட்பது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேடு முதல் எண்ணூர் வரையிலும் மேற்கே மாதவரம் வரையிலும் உள்ள இடுகாடுகளில் சில மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. மற்றவை திருச்சபைகள், ஜமாஅத்துகள், சமுதாயச் சங்கங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் கையில் உள்ளவை. இந்த இரண்டாம் வகை இடங்களின் நிர்வாகம் குறித்துக் குடும்பத்தினர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கு விடை தரப்படுகிறது. துக்கம் நேர்ந்த வீட்டில் யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை என்பதால், இவற்றில் சிலவற்றையாவது முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தனியார் கல்லறைத் தோட்டம் என்பது எது?

உள்ளாட்சி அமைப்பு நடத்தாமல், ஒரு சமயக் குழுவோ சமுதாயமோ அறக்கட்டளையோ நடத்தும் அடக்க இடம் எதுவும் இந்த வகையில் அடங்கும். காசிமேட்டில் உள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தை மெட்ராஸ் கல்லறை வாரிய அறக்கட்டளை நிர்வகிக்கிறது. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டமும் அதே வாரியத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள புனித ராக் கல்லறைத் தோட்டம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தது. ஜமாஅத்துகளின் கபர்ஸ்தான்கள் (முஸ்லிம் இடுகாடுகள்) பெரும்பாலும் வக்ஃப் சொத்துகள், அதாவது சமய, அறப் பணிக்கென அர்ப்பணிக்கப்பட்டவை என்பதால் அவற்றுக்குத் தனிச் சட்டமே உண்டு. இவற்றுக்கு மாறாக, மூலக்கொத்தளம் பொது மயானமாகும். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-ல் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகிய இருவரும் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டனர்.

வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையை நம்பி எந்த வகை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சமுதாயத்தின் பெயர் எழுதப்பட்ட சில இடங்கள் வருவாய்த் துறைப் பதிவில் மயானப் புறம்போக்காக இருக்கக்கூடும். அரசு நிலம் என்று எல்லோரும் நினைத்திருக்கும் இடம் யாரோ ஒருவர் என்றோ தானமாக எழுதிக் கொடுத்த பட்டா நிலமாக இருக்கவும் கூடும். வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைப் பெற்றுப் பார்த்தால்தான் இது தெளிவாகும். அந்த ஒரு தாளைப் பார்க்காமல் தொடங்கப்படும் புகார்கள் பெரும்பாலும் தவறான அலுவலகத்தில் போய் நிற்கின்றன.

நிலம் தனியாருடையது என்னும்போது மாநகராட்சிக்கு அங்கே என்ன அதிகாரம்?

நிலம் யாருடையதாக இருந்தாலும், உடலை அடக்கம் செய்வது பொதுச் சுகாதாரத்தைத் தொடும் செயல் என்பதால் அது உள்ளாட்சியின் அனுமதிக்கு உட்பட்டதாகும். புதிதாக இடுகாடு திறப்பதற்கு உரிமம் வேண்டும் என்பதும், ஏற்கெனவே உள்ள இடங்கள் பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும் என்பதும், பதிவோ உரிமமோ இல்லாத இடத்தில் அடக்கம் கூடாது என்பதும் 1919-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் காலத்திலிருந்தே வந்த ஏற்பாடுகள். 2023 ஏப்ரலில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, அதன்கீழ் வகுக்கப்பட்ட 2023-ஆம் ஆண்டு விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இன்றி அடக்கம் இல்லை என்ற அடிப்படை மாறவில்லை.

இந்த விதி வெறும் காகிதத்தில் உள்ளதன்று என்பதை வட சென்னை 2024-ல் நேரில் கண்டது. பெரம்பூரில் கொலை செய்யப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கின் உடலைக் கட்சி அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்ய அனுமதி கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை அன்று அவசரமாக விசாரித்தது. அது குடியிருப்புகள் நிறைந்த, குறுகலான வழியுள்ள இடம் என்பதால் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் உள்ள தனியார் நிலத்தில் அடக்கம் நடந்தது. நிலம் நம்முடையது என்பது மட்டும் போதாது, அது அடக்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடமாகவும் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து தெரிவது.

மாநகராட்சி எல்லையைத் தாண்டி மீஞ்சூர்ப் பக்கத்து ஊராட்சிகளுக்குள் போனால், 1999-ஆம் ஆண்டின் ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகள் பொருந்தும். குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் இடைவெளி என்ற கணக்கு அந்த விதிகளில் வருவது.

இத்தனை அதிகாரம் இருந்தும், நிர்வாகக் குழுத் தேர்தல் ஒழுங்காக நடந்ததா, வசூலான பணம் எங்கே போனது என்பவற்றை மாநகராட்சி விசாரிப்பதில்லை; அது அதன் வேலையும் அன்று. உரிமம், சுகாதாரம், சுற்றுச்சுவர், கழிவுநீர், அடக்கப் பதிவேடு ஆகியவற்றுக்கு மட்டும் மண்டல அலுவலகத்தை நாட வேண்டும். வட சென்னையில் அவை திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல அலுவலகங்கள். சுகாதாரம் தொடர்பான புகார் என்றால் மண்டல நல அலுவலருக்கு எழுத வேண்டும். உடனடிப் புகாருக்கு 1913 என்ற மாநகராட்சி உதவி எண் இருக்கிறது.

உரிமம் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டால் பதில் தருவதில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 ஒரு தனியார் அறக்கட்டளையை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. அரசு நிதியில் கணிசமாக இயங்கும் அமைப்பாக இருந்தால்தான் அது அந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 2013-ல் கேரளத்தின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் விளக்கியிருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு, வேறொரு சட்டத்தின்கீழ் அரசு அலுவலகம் கேட்டுப் பெறக்கூடிய தனியார் அமைப்பின் தகவலும் "தகவல்" என்பதில் அடங்கும் என்கிறது. இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. நிர்வாகத்திடம் மனு கொடுத்துக் காத்திருப்பதைவிட, மாநகராட்சியிடம் கேட்பதே பயன் தரும்.

மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் எழுதும் மனுவில் நீளமான வரலாறு வேண்டியதில்லை. இன்ன தெருவில், இன்ன நில அளவை எண்ணில் உள்ள இடுகாட்டின் பதிவு அல்லது உரிம ஆணையின் நகல். அதில் விதிக்கப்பட்ட நிபந்தனைகள். கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கை. நிர்வாகம் மாநகராட்சிக்கு அனுப்பிய அடக்க விவரங்கள், என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்ற கேள்வியைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் மனுவைத் திருப்பிவிடுவார்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகக் குழுவையும் கண்காணிப்பவர் யார்?

மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின்கீழ் அற ஆணையர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். அறக்கட்டளைகள் அவரிடம் பதிவு செய்து கணக்கும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இந்து சமய நிறுவனங்களுக்கு அறநிலையத் துறையும், வக்ஃப் சொத்துகளுக்கு வக்ஃப் வாரியமும் உள்ளன. அவற்றுக்கு வெளியே உள்ள அறக்கட்டளைகளுக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. வட சென்னையின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களும் பல சமுதாய இடுகாடுகளும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. என் பார்வையில், கல்லறை நிர்வாகம் பற்றிய மனக்குறைகள் ஆண்டுக்கணக்கில் தேங்குவதற்கு நிர்வாகிகளின் குணத்தைவிட இந்த இடைவெளியே பெரிய காரணம்.

ஆகவே முதலில் அந்த அமைப்பு எந்த வடிவத்தில் பதிவானது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்கீழ் பதிவான சங்கம் என்றால், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அந்தக் கோப்பை உரிய கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். முறைகேடு தெரிந்தால், 36-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாளர் தாமாகவோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் விண்ணப்பித்தோ, நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையினர் விண்ணப்பித்தோ விசாரணை நடத்தலாம். உறுப்பினர் பட்டியலையே நிர்வாகம் வெளியிடாதபோது மூன்றில் ஒரு பங்கைத் திரட்டுவது எளிதன்று. அந்த நிலையில் பதிவாளர் தாமே விசாரிக்கும்படி ஆவண நகல்களுடன் மனு தருவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

அது அறக்கட்டளை என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளைப் பத்திரத்தைத் தேட வேண்டும். நிலம் சம்பந்தப்பட்ட பத்திரம் 1-ஆம் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். அதன் நகலை எவரும் பெறலாம். நிலம் சேராத பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் இருந்தால், அதில் தொடர்புடையவர்களுக்கு மட்டுமே நகல் கிடைக்கும். பத்திரம் கிடைத்ததும், அறங்காவலர்களின் பதவிக்காலம், புதியவரை நியமிக்கும் முறை, சொத்தை விற்கும் அதிகாரம் ஆகிய மூன்று பகுதிகளையும் முதலில் படிக்க வேண்டும்.

இலாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானது என்றால், அதன் ஆண்டறிக்கை நிறுவனங்கள் பதிவாளரிடம் இருக்கும். வருமான வரி விலக்கு பெற்ற அமைப்பு வரித் துறைக்கும் பதில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அத்துறை பார்ப்பது விலக்குக்குரிய நிபந்தனைகளையே, குழிக்கு இவ்வளவு ஏன் வாங்கினீர்கள் என்று அது கேட்காது.

அறக்கட்டளை கணக்குக் காட்ட மறுத்தால் நீதிமன்றம் செல்வது ஒன்றுதான் வழியா?

ஆம். ஆனால் அதிலும் இரண்டு பாதைகள் இருக்கின்றன. அவற்றில் எளிதானதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

எளிதானது, அறக்கொடை மற்றும் சமய அறக்கட்டளைகள் சட்டம், 1920. பொது நோக்கத்துக்கான அறக்கட்டளை ஒன்றில் அக்கறை உள்ள ஒருவர், அதாவது தம் குடும்பத்தினர் அங்கு அடக்கமாகியிருப்பவர் அல்லது அங்கு அடக்கம் பெறும் உரிமையுள்ள சபையைச் சேர்ந்தவர், அதன் நோக்கம், சொத்து, வருமானம் பற்றிய விவரங்களைத் தரும்படியும், கணக்கைத் தணிக்கை செய்யும்படியும் உத்தரவிடக் கோரி 3-ஆம் பிரிவின்கீழ் மனு செய்யலாம். மனுத் தேதிக்கு முந்தைய மூன்றாண்டுக் கணக்குக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதால் தாமதிக்கக் கூடாது. யாரையும் பதவியிலிருந்து நீக்கக் கோராத, விவரம் மட்டும் கேட்கும் மனு என்பதால், உறவும் சபையும் முறிந்துபோகாமல் கேள்வி கேட்க இது உதவும்.

மற்றது, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. அக்கறையுள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்றுத் தொடுக்கும் இந்த வழக்கில், அறங்காவலரை நீக்குவது, புதியவரை நியமிப்பது, கணக்குக் கேட்பது, நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுத்துத் தருவது வரை எல்லாம் கோரலாம். அரசின் தலைமை வழக்குரைஞரும் இதைத் தொடுக்க முடியும். வலிமை மிகுந்த வழி இது. அதே அளவுக்கு ஆண்டுகளையும் பணத்தையும் விழுங்கும் வழியும் இதுவே. தனிப்பட்ட மனக்கசப்பைத் தீர்க்கத் தொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் கருதினால் அனுமதி கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அறங்காவலர் வசம் உள்ள அறச் சொத்தை மீட்கும் வழக்குக்குக் கால வரம்பு இல்லை என்று 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 10-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அந்தச் சொத்தை விலை கொடுத்து வாங்கியவருக்கு எதிரான வழக்குக்கு இந்த விலக்கு பொருந்தாது என்பதால், விற்பனை தெரிந்தால் தாமதிக்கக் கூடாது.

கபர்ஸ்தானுக்கு நடைமுறை வேறா?

முற்றிலும் வேறு. பதிவான வக்ஃப் என்றால் முத்தவல்லி (வக்ஃபை நிர்வகிப்பவர்) அல்லது நிர்வாகக் குழு ஆண்டுக் கணக்கைத் தமிழ்நாடு வக்ஃப் வாரியத்திடம் தர வேண்டும். வாரியம் ஆய்வு செய்யலாம், காரணம் இருந்தால் முத்தவல்லியை நீக்கலாம், ஆக்கிரமிப்பை அகற்ற நடவடிக்கை எடுக்கலாம். வாரியத்தின் அலுவலகம் பாரிமுனைப் பகுதியிலேயே இருப்பதால் வட சென்னைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தகராறுகள் வக்ஃப் தீர்ப்பாயத்துக்குச் செல்லும். வக்ஃப் சட்டத்தில் 2013-ல் சேர்க்கப்பட்ட 104-அ பிரிவின்படி வக்ஃப் சொத்தை விற்பதோ அடமானம் வைப்பதோ தானமளிப்பதோ செல்லாது.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தால் கபர்ஸ்தான்களுக்கு ஒரு புதிய கவலை சேர்ந்திருக்கிறது. பத்திரம் எதுவும் இல்லாமல் நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே வக்ஃப் ஆன இடங்களை இனிமேல் புதிதாக அப்படி அறிவிக்க முடியாது. சட்டத்துக்கு முன்பே பதிவானவை தொடரும், ஆனால் தகராறில் உள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் விலக்கு. பழைய கபர்ஸ்தான்களில் பல இந்தப் பயன்பாட்டு வகையைச் சேர்ந்தவை. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று சில பிரிவுகளை நிறுத்திவைத்தபோதும் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை நிறுத்தவில்லை. ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தாரும் தங்கள் முத்தவல்லியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கபர்ஸ்தானின் நில அளவை எண்ணும் பரப்பும் வாரியப் பதிவேட்டிலும் வக்ஃப் சொத்துகளுக்கான ஒன்றிய அரசின் உமீத் இணையதளத்திலும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்பதே.

குடும்பக் கல்லறைக்குப் பணம் கட்டி ரசீது வைத்திருக்கிறோம். அந்த இடம் எங்களுக்குச் சொந்தமா?

இல்லை. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்துரிமை பதிவுப் பத்திரத்தால்தான் கைமாறும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ரசீது தருவது, அங்கே அடக்கம் செய்யவும் கல்லறை எழுப்பவும் நிர்வாகம் அளித்த அனுமதி. அதை நீங்கள் வேறொருவருக்கு விற்க முடியாது.

ஆனால் அனுமதிதானே என்று நிர்வாகம் நினைத்தபோது பறித்துவிடவும் முடியாது. அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பிவிட்டால், அந்த அனுமதியைத் திரும்பப் பெற இயலாது என்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 60-ஆம் பிரிவில் சொல்கிறது. சலவைக்கல் பதித்த குடும்பக் கல்லறைக்கும் பெட்டகக் கல்லறைக்கும் (உடலை வைக்க அறை போல் கட்டியது) இந்த வாதம் வலுவாகப் பொருந்தும். ரசீதில் வரிசை எண், அளவு, எத்தனை பேரை அடக்கம் செய்யலாம், எத்தனை ஆண்டுக்கு, பராமரிப்புக் கட்டணம் எப்போது கட்ட வேண்டும் என்பவை இருக்கின்றனவா என்று பணம் கட்டும் அன்றே பார்க்க வேண்டும். "கல்லறைக்காக" என்று மட்டும் எழுதிய ரசீது பின்னாளில் யாருக்கும் உதவாது. நிர்வாகத்தின் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு பிரதியையும் கேட்டு வாங்கி அதனுடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா? ரசீதில் ஜிஎஸ்டி சேர்க்கிறார்களே?

மாநகராட்சி மயானத்தில் அடக்கத்துக்கும் தகனத்துக்கும் கட்டணம் கிடையாது. அங்கு யாரேனும் பணம் கேட்டால் அது புகாருக்குரியது. தனியார் இடத்தில் கட்டணத்தை நிர்வாகமே நிர்ணயிக்கிறது. ஆயினும் அறக்கட்டளையின் நோக்கத்துக்குப் பொருந்தாத கொள்ளைக் கட்டணம் 92-ஆம் பிரிவு வழக்கில் கேள்விக்குள்ளாகும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் சந்தேகமே இல்லை. இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, உடலை எடுத்துச் செல்லுதல் ஆகிய சேவைகள் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 3-ஆம் அட்டவணையில் உள்ளன. அதாவது அவை வரிக்குரிய சேவைகளே அல்ல. கல் வாங்குவதும் கட்டட வேலையும் வேறு. அவற்றுக்கு வரி உண்டு. குழி வெட்டுவதற்கும் அடக்கத்துக்கும் ஜிஎஸ்டி போட்ட ரசீது வந்தால், நிர்வாகத்தின் ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் கேட்டாலே போதும், தொகை குறைந்துவிடும்.

சந்தா பாக்கி இருக்கிறது என்று அடக்கத்துக்கு இடம் மறுக்கலாமா?

இதுதான் மிகவும் வேதனை தரும் கேள்வி, ஏனெனில் இது எழும்போது உடல் ஐஸ் பெட்டியில் இருக்கும். கண்ணியமான இறுதிச் சடங்கு அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் அடக்கத்தைக் கூட்டமொன்று தடுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கிலும் அதையே சொன்னது. எனினும், குறிப்பிட்ட ஒரு தனியார் இடத்தில்தான் அடக்கம் செய்வேன் என்ற உரிமையாக அது விரிவதில்லை. சத்தீஸ்கரைச் சேர்ந்த ஒருவர் தம் தந்தையைச் சொந்த ஊரில் அடக்கம் செய்ய அனுமதி கோரிய வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வெவ்வேறு கருத்துக் கொண்டபோதும், கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட வேறோர் இடத்தில் அடக்கம் செய்யும்படியே முடித்தார்கள். கேரளம், சபைப் பிளவுகளின் இடையே உடல்கள் காத்துக்கிடந்ததைக் கண்டு 2020-ல் கிறிஸ்தவக் கல்லறைகளில் அடக்க உரிமைக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை.

ஆகவே இங்கு எல்லாம் அமைப்பின் விதிமுறையைப் பொறுத்தது. பாக்கி இருந்தால் உரிமை அற்றுப்போகும் என்று விதியில் இல்லாதபோது, குழு உறுப்பினர் ஒருவர் வாய்மொழியாக மறுப்பது செல்லாது. அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம். பாக்கித் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துவதாக ரசீதின் பின்புறமோ கடிதத்திலோ எழுதிக் கட்டிவிட்டு, அடக்கம் முடிந்தபின் கேள்வி எழுப்பலாம். சபையின் ஆயரோ பங்குத்தந்தையோ முத்தவல்லியோ தலையிட்டால் பெரும்பாலான மறுப்புகள் அன்றே தளர்ந்துவிடும்.

சாதியைக் காரணம் காட்டி இடம் மறுத்தால்?

அது குற்றம், நிர்வாகம் தனியார் என்பது இங்கு தடையாகாது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955-ன் 4-ஆம் பிரிவு, பொதுமக்கள் மட்டுமல்லாமல் அவர்களில் ஒரு பிரிவினர் பயன்படுத்தும் இடுகாட்டையும் சுடுகாட்டையும் சேர்த்தே பேசுகிறது. பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ மறுக்கப்பட்டால், 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் பொருந்தும். தனி வாசல், தனி வரிசை, இடையில் சுவர் என்று நாசூக்காகச் செய்வதும் இதில் சேரும். புகாரைக் காவல் நிலையத்தில் எழுத்தில் தர வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்ளும்படி அனுப்பிவைப்பதை ஏற்க வேண்டியதில்லை.

பழைய கல்லறையைத் திறந்து வேறொருவரை அடக்கம் செய்கிறார்கள். இது முறையா?

இடத் தட்டுப்பாட்டால் அதே குடும்பத்தினரை ஒரே கல்லறையில் அடக்கம் செய்வது சென்னையில் நெடுங்கால வழக்கம். அடுத்த அடக்கத்துக்கு எவ்வளவு காலம் கழிய வேண்டும் என்பதை உள்ளாட்சி விதிகளும் உரிம நிபந்தனைகளும் கட்டுப்படுத்துகின்றன. தற்போது பொருந்தும் காலத்தை மண்டல நல அலுவலரிடமிருந்து எழுத்தில் பெறுவது நல்லது. குடும்பத்துக்குச் சொல்லாமல் அந்நியர் ஒருவரை உங்கள் கல்லறையில் அடக்கம் செய்வது, ரசீதில் உள்ள உடன்பாட்டை மீறுவதாகும். அதை மறைக்க அடக்கப் பதிவேட்டைத் திருத்தியிருந்தால் மோசடிப் புகாருக்கும் இடமுண்டு.

அடக்கம் செய்த உடலை வெளியே எடுப்பது வேறு விஷயம். இறப்பில் ஐயம் இருந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவின்கீழ் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். குடும்பத்தின் விருப்பத்தால் இடம் மாற்றுவதென்றால் அதிகாரிகளின் அனுமதியோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும். மேலே சொன்ன மருத்துவர் சைமனின் மனைவி, வேலங்காடு இடுகாட்டில் அவசரமாக அடக்கமான கணவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்ற மாநகராட்சியிடம் கேட்டபோது மறுக்கப்பட்டது. அந்த மறுப்பை 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ரத்து செய்து மறு அடக்கத்துக்கு உத்தரவிட்டது.

இறப்புப் பதிவில் கல்லறை நிர்வாகத்துக்குப் பொறுப்பு உண்டா?

உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-ன் 10-ஆம் பிரிவின்படி, அடக்க இடத்தின் உரிமையாளரோ காப்பாளரோ அங்கு நடந்த அடக்கத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பம் இறப்பைப் பதிவு செய்ய 21 நாள். அடக்கப் பதிவேட்டின் நகல் பிற்காலத்தில் வாரிசுச் சான்றுக்கும் காப்பீட்டுக்கும் உதவும் என்பதால், பெயரும் தேதியும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அடக்கத்தன்றே ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

கல்லறை நிலத்தின் ஒரு பகுதியை விற்கவோ கடை கட்டவோ முயன்றால் தடுக்க முடியுமா?

பொது அறத்துக்கென அர்ப்பணிக்கப்பட்ட நிலத்தை அறங்காவலர்கள் தம் விருப்பத்துக்கு விற்க முடியாது. பத்திரத்தில் அதிகாரம் இல்லாவிட்டால் நீதிமன்ற அனுமதி தேவை. சாலையோரச் சுவரை உடைத்து முதலில் ஒரு தற்காலிகக் கடை, பிறகு மின் இணைப்பு, பிறகு குத்தகைப் பத்திரம் என்ற வரிசையில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே சுவர் உடையும்போதே மாநகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவுக்கும், பத்திரப் பதிவு நடக்கக்கூடிய சார்பதிவாளருக்கும் ஆட்சேப மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நில அளவை எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது செலவு குறைந்த காவல்.

பொது மயானமும் இந்த ஆபத்துக்கு விலக்கன்று. மூலக்கொத்தளத்தின் ஒரு பகுதியில் அரசே குடியிருப்பு கட்ட முற்பட்டபோது 2018-ல் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் கட்டடங்கள் எழும்பின.

கல்லறையை உடைத்தால் காவல் துறை வழக்குப் பதியுமா?

பதியலாம். மன உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடனோ, புண்படும் என்று அறிந்தோ அடக்க இடத்தில் அத்துமீறுவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நிர்வாகமே "சீரமைப்பு" என்று சொல்லி உடைத்திருந்தால் நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்பதால், முன்னறிவிப்பு கொடுத்தார்களா என்பதே முக்கியக் கேள்வியாகிவிடும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பணம் வாங்கிக்கொண்டு இடம் தராதது, கட்டித் தருவதாகச் சொன்ன பெட்டகத்தைக் கட்டாதது போன்றவற்றுக்கு, 2 ஆண்டுக்குள், சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அடக்கம் சமயச் சேவையே தவிர வணிகச் சேவை அன்று என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால், தொகையும் வாக்குறுதியும் தெளிவாக எழுதப்பட்ட ரசீது இல்லாமல் இந்தப் பாதையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புகார் கொடுத்தால் நாளை எங்கள் வீட்டு அடக்கத்துக்கு இடம் தர மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

இந்தப் பயம் நியாயமானது. பெரும்பாலான புகார்கள் எழுதப்படாமலே போவதற்கும் இதுவே காரணம். ஒருவர் பெயரில் கொடுக்காமல், ஒரே தெருவிலோ ஒரே சபையிலோ உள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுப்பது நல்லது. முதல் கடிதத்தைக் குற்றச்சாட்டாக எழுதாமல், கட்டணப் பட்டியலையும் விதிமுறையையும் கடைசி ஆண்டுக் கணக்கையும் கேட்கும் வேண்டுகோளாக எழுதி, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்ப வேண்டும். பதில் வராத அந்தக் கடிதமே பின்னர் பதிவாளரிடமோ நீதிமன்றத்திலோ முதல் ஆவணமாக நிற்கும். வழக்குரைஞர் வைக்க வசதி இல்லாத பெண்கள், பட்டியல் சாதியினர், தொழிலாளர்கள், குறைந்த வருமானமுள்ளவர்கள் ஆகியோர் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் இலவச உதவி கேட்கலாம். போகும்போது ரசீது, இறப்புச் சான்று, நில அளவைப் பதிவேட்டு நகல் ஆகிய மூன்றையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.